பலகையும் இலையும்

ஒரு ஹோட்டலைச் சாப்பாட்டை மட்டும் வைத்துத்தான் எடை போட வேண்டும் என்பது என் கட்சி. ஏசி, கண்ணாடிக் கதவு, வாசலில் கும்பிடு போடுகிற பொம்மை, கல்லாவில் இருப்பவரின் சிரிப்பு, இவை எதற்கும் என்னிடம் மார்க் கிடையாது. இட்லி, ரசம், காபி மூன்றும் தேறினால் கடை தேறியது. மெட்ராஸ் டெலிபோன்ஸில் ட்ரங்க் ஆபரேட்டராகச் சேர்ந்து, ஸ்பிளிட் டூட்டியும் நைட் டூட்டியுமாகப் பாதி ஆயுளை ஓட்டியவள் நான். லேடீஸ் ஹாஸ்டல் சமையலிலிருந்து தப்பிக்க ஹோட்டல் ஹோட்டலாக ஏறி இறங்கியதில் வந்த பிடிவாதம் இது.

இந்தக் கட்சியை எங்க தாத்தாவிடம் சொல்லியிருந்தால் அவருக்கு விளங்கியே இருக்காது. அவர் அம்பாசமுத்திரம் பக்கத்தில் நெல் தரகர். திருநெல்வேலிக்கோ தூத்துக்குடிக்கோ போனால் புளியோதரையும் துவையலும் கட்டிக்கொண்டுதான் கிளம்புவார். போன இடத்தில் ரெண்டு நாள் தங்க நேர்ந்தால் அவர் கேட்கிற முதல் கேள்வி "யார் கடை?" என்பதுதான். "எப்படி இருக்கும்?" என்பது அதற்கப்புறம், பல சமயம் அது வரவே வராது. சமைப்பவன் யார், பரிமாறுபவன் யார், பக்கத்தில் உட்காருபவன் யார் என்று மூன்று சல்லடையில் சலித்த பிறகுதான் சோறு ருசியாக இருக்கிறதா என்ற பேச்சே எழும். இது அவர் ஒருவரின் குணமில்லை. ஊரில் எல்லோருமே தங்களுக்கு மேலே யார், கீழே யார் என்று பார்த்துத்தான் வாயைத் திறந்தார்கள்.

ரயில் வந்தது, கோர்ட்டும் கச்சேரியும் வந்தன, பட்டணத்தில் குமாஸ்தா வேலை வந்தது. கட்டுச்சோறு ஒரு வேளைக்குத்தான் தாங்கும். அப்படித்தான் தமிழ்நாட்டில் காபி கிளப்புகள் முளைத்தன. பலகையில் 'பிராமணாள் காபி கிளப்' என்று எழுதியிருக்கும். சமையல்காரர் பிராமணர் என்றால் எந்தச் சாதிக்காரரும் சாப்பிடலாம் என்பது அன்றைய கணக்கு. ஆக, அந்தப் பலகை வியாபாரத்துக்கும் உத்தரவாதம். ஆனால் யாரும் சாப்பிடலாம் என்றால் யாரும் எங்கேயும் உட்காரலாம் என்று அர்த்தமில்லை. உள்ளே ஒரு தட்டி. தட்டிக்கு அந்தப் பக்கம் பிராமணாளுக்கு, இந்தப் பக்கம் இதராளுக்கு. தலித்துகளுக்கு அந்த இரண்டாவது பக்கமும் கிடையாது. ஒரே அண்டா ரசம், ஒரே கரண்டி, நடுவில் ஒரு மூங்கில் தட்டி. தாத்தா இந்தப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர். அந்த ரசத்தைப் பற்றி அவர் நல்லதாகவோ கெட்டதாகவோ எதுவும் சொல்லி நான் கேட்டதில்லை. தட்டியைப் பற்றி மட்டும்தான் சொல்லுவார்.

எங்க ஊருக்குப் பக்கத்துச் சேரன்மாதேவியில்தான் இந்தப் பந்திப் பிரச்சினை முதலில் பெரிதாக வெடித்தது. வ.வே.சு. ஐயர் கல்லிடைக்குறிச்சியில் ஆரம்பித்துப் பிறகு சேரன்மாதேவிக்கு மாற்றிய குருகுலம் தேசியக் கல்விக்காக நடந்தது. காங்கிரஸ் பணம் கொடுத்திருந்தது. அங்கே இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்கு மட்டும் தனியாகச் சாப்பாடு போடுகிறார்கள் என்ற செய்தி 1924, 25 வாக்கில் வெளியே வந்து, வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கேள்வி கேட்டு, கட்சிக்குள்ளேயே பெரிய பிளவாயிற்று. ஐயர் 1925 ஜூனில் பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்றப் போய் மாண்டார். சாப்பாடு எப்படி இருந்தது என்று அந்தச் சண்டையில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்கவும் முடியாது. பந்தியில் இடம் கிடைத்த பிறகுதானே உப்புக் குறைவு பற்றிப் பேச முடியும்.

ரயில்வே சிற்றுண்டிச் சாலைகளில் இருந்த இந்தத் தனித்தனி ஏற்பாடு 1941இல் எடுக்கப்பட்டது. அதற்கும் பல வருஷம் கூட்டம், தீர்மானம், பத்திரிகையில் கட்டுரை என்று போராட வேண்டியிருந்தது. பிறகு அரசியல் சட்டம் வந்தது. அதன் 15ஆம் பிரிவில் கடை, பொது உணவகம், ஹோட்டல் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள், இங்கெல்லாம் சாதி, மதம் பார்த்து யாரையும் தடுக்கக் கூடாது என்று. ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டத்தில் காபிக் கடை இடம் பிடிக்கிறது என்றால், அந்தக் காபிக் கடை எத்தனை பேரை வாசலில் நிறுத்தியிருக்கும் என்று நினைத்துக்கொள்ள வேண்டியதுதான். 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டமும் வந்தது. கிராமத்து டீக்கடைகளில் இரட்டை டம்ளர் அதற்குப் பிறகும் வெகுகாலம் இருந்தது.

நகரத்தில் ஆளைத் தடுக்கும் தட்டி போனது, பலகை போகவில்லை. திருவல்லிக்கேணியில் முரளி கஃபே என்று ஒரு ஹோட்டல். அதன் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லி 1957 மே மாதம் பெரியார் மறியல் தொடங்கினார். தினமும் ஒரு குழு போகும், கைதாகும், மறுநாள் வேறொரு குழு போகும். மாதக்கணக்கில் நடந்து மறுவருஷம்தான் முடிந்தது. சொல் நீங்கியது. நான் சென்னைக்கு வந்தபோது அதெல்லாம் பழங்கதை. ஆனால் எங்கள் எக்ஸ்சேஞ்சில் சீனியராக இருந்த ஓர் அக்கா திருவல்லிக்கேணிக்காரர். அந்த நாட்களில் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது போலீஸ் வேனை வேடிக்கை பார்த்திருக்கிறார். "அந்த ஓட்டல்ல வடை எப்படி இருக்கும்க்கா?" என்று கேட்டேன். "யாருக்குத் தெரியும், நாங்க உள்ளேயே போனதில்லையே" என்றார். அவர் வீடு இரண்டு தெரு தள்ளி.

இந்த இடத்தில் உடுப்பிக்காரர்களுக்கு உரிய மரியாதையைச் செய்துவிட வேண்டும். சென்னையின் டிபன் என்று இன்று நாம் நினைப்பதில் பாதி அவர்கள் போட்டது. கே. கிருஷ்ண ராவ் தென் கன்னடத்துக் கிராமத்திலிருந்து வந்து, தம்புச் செட்டித் தெரு ஹோட்டலில் எடுபிடியாக மாவாட்டிப் பாத்திரம் கழுவித் தொழில் கற்றவர். 1920களில் மவுண்ட் ரோடில் சொந்தக் கடை, 1938இல் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ். உடுப்பி மடத்து அடுக்களை மரபிலிருந்து வந்தவர்களானாலும் தொழிலை நகரத்தின் அளவுக்கு விரித்தார்கள். எல்லோருக்கும் ஒரே விலை, ஒரே மேஜை, வேகமான சப்ளை, தேய்த்து மின்னும் டம்ளர். சாம்பாரில் வெல்லம் போட்டதை மட்டும் நான் மன்னிக்கவில்லை. எங்க ஊர் நாக்குக்கு அது சாம்பாரும் இல்லை, பாயசமும் இல்லை. ஆனால் அவர்கள் மசால் தோசை வேறு ஜாதி. கிழங்கைக் கூழாக்காமல் கையால் உடைத்து, வெங்காயத்தை வதக்கிப் பொன்னிறமாகும் முன் நிறுத்தி, இஞ்சியைப் பல்லில் படும் அளவுக்கு நறுக்கிப் போடுவார்கள். இன்று மசால் தோசை என்ற பெயரில் மஞ்சள் களியை உள்ளே தடவிக் கொடுக்கிற கடைகளைப் பார்க்கும்போது அந்த மாஸ்டர்களின் நினைப்புதான் வரும்.

அவர்களுடைய டிரைவ்-இன் உட்லண்ட்ஸ் கதீட்ரல் சாலையில் 1962இல் திறந்தது. காரில் உட்கார்ந்தபடியே சாப்பிடலாம், கதவில் தட்டை மாட்டிக் கொடுப்பார்கள். கார் இல்லாதவர்களுக்கு உள்ளே கூடம். நான் பார்த்த காலத்தில் காரை விட அந்தக் கூடத்தில்தான் கூட்டம். மெடிக்கல் ரெப், சினிமாவில் சான்ஸ் தேடுபவர், கவிஞர், வக்கீல் என்று ஒரு காபிக்கு ரெண்டு மணி நேரம் உட்காருவார்கள், யாரும் எழுப்ப மாட்டார்கள். 2008இல் மூடினார்கள், அந்த இடத்தில் இப்போது செம்மொழிப் பூங்கா. மூடியபோது பத்திரிகைகள் எல்லாம் மரத்தைப் பற்றியும் நிழலைப் பற்றியும் உருகி உருகி எழுதின. என் கட்சிப்படி பார்த்தால், சோளா பூரி நன்றாக இருந்தது. இட்லி சுமார். காபி காலை பதினோரு மணிக்கு முன்பு அருமை, பிற்பகலில் பழைய டிகாக்ஷன். மரத்தடியில் உட்கார்ந்து குடித்தால் பழைய டிகாக்ஷன் புதிதாகிவிடாது.

பெண்கள் விஷயத்துக்கு வருகிறேன். சாதித் தட்டி போனதாகச் சொன்னேன் இல்லையா, அதே தட்டியை வேறொரு மூலையில் எங்களுக்காக நிறுத்தி வைத்திருந்தார்கள். அதற்குப் பெயர் ஃபேமிலி ரூம். ஹாலுக்குப் பின்னால், பெரும்பாலும் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில், பிளைவுட் தடுப்பு வைத்த நாலு கூண்டு. ஸ்பிரிங் வைத்த அரைக்கதவு. தனியாக ஒரு பெண் ஹோட்டலுக்குள் நுழைந்தால் சர்வர் ஹாலைக் காட்ட மாட்டார், கையை நீட்டிப் பின்பக்கம் காட்டுவார். "ஃபேமிலி அங்கே." நான் ஒண்டி ஆள், என்னோடு எந்த ஃபேமிலியும் இல்லை என்று ஒருதரம் சொல்லிப் பார்த்தேன். "அதுக்குத்தாம்மா அது" என்றார்.

மரியாதைக்குச் செய்த ஏற்பாடு என்று சொல்லுவார்கள். இருக்கட்டும். நான் தோசையை வைத்துப் பேசுகிறேன். தோசைக்கல்லிலிருந்து ஹால் பத்தடி, ஃபேமிலி ரூம் முப்பதடி. சர்வர் ஒரே நடையில் ஹாலுக்கு ஆறு தட்டு வைத்து முடித்துவிட்டு, கடைசித் தட்டோடு எங்களிடம் வருவார். ரவா தோசையின் முறுகல் ஒரு நிமிஷத்தில் இறங்கிவிடும். எங்களுக்கு வந்தது முக்கால்வாசி நேரமும் துணி மாதிரி மடங்கும். சட்னி ரெண்டாம் தரம் கேட்க வேண்டுமென்றால் அரைக்கதவைத் தள்ளித் தலையை நீட்ட வேண்டும், நீட்டினால் ஹால் முழுக்கத் திரும்பிப் பார்க்கும். அதனால் கேட்காமலே விட்டவர்கள் எத்தனை பேர். அதே கடையில் என் கூட வேலை பார்த்த ஆண்கள் சாப்பிட்டுவிட்டு "இன்னிக்கு ரவா தோசை பிரமாதம்" என்பார்கள். பொய் சொல்லவில்லை. அவர்கள் சாப்பிட்டது வேறு தோசை.

ஆகவே சாப்பாட்டை மட்டும் வைத்து என்று சொல்லும்போது எந்த நாற்காலியிலிருந்து என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஆளை எங்கே உட்கார வைக்கிறார்கள் என்பது தட்டின் சூட்டில் தெரிந்துவிடும்.

எங்களை அந்தக் கூண்டிலிருந்து வெளியே கொண்டுவந்தது எந்தப் போராட்டமும் இல்லை, நின்றபடி சாப்பிடுகிற ஃபாஸ்ட் ஃபுட் கடைகள்தான். இடுப்புயர மேஜை, டோக்கன் வாங்கி நீட்டினால் கல்லிலிருந்து நேராகத் தட்டுக்கு. உட்காரவே இடமில்லாத இடத்தில் யாரை எங்கே உட்கார வைப்பது? வெளியில் ஒரு முழு முறுகல் தோசையை நான் முதன்முதலில் சாப்பிட்டது அப்படி ஒரு கடையில், தி. நகரில். பழைய ஆட்கள் "மாடு மாதிரி நின்னுக்கிட்டுத் தின்றதா" என்று முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும்.

திருவல்லிக்கேணிக்குத் திரும்புவோம், அது மேன்ஷன்களின் ஊர். வெளியூர்ப் பிள்ளைகள் பத்துக்குப் பத்து அறையில் மூன்று பேராகத் தங்கி, மெஸ்ஸில் சாப்பிட்டுக் கவர்ன்மென்ட் வேலைக்குப் பரீட்சை எழுதுவார்கள். அக்பர் சாகிபு தெருவின் காசி விநாயகா மெஸ்ஸில் டோக்கன் வாங்கிக்கொண்டு தெருவில் காத்திருந்த தலைமுறைகள் உண்டு. கூட்டு, பொரியல், சாம்பார், ரசம், மோர், அப்பளம். அதிசயம் எதுவும் கிடையாது, ஆனால் நாள் தவறாமல் சாப்பிட்டாலும் வயிறு முணுமுணுக்காது. மெஸ் சாப்பாட்டுக்கு அதுதான் பரீட்சை. ஒரு நாள் விருந்தாகச் சாப்பிட்டுப் பார்த்து "ஒண்ணும் விசேஷமில்லையே" என்று எழுதுகிறவர்களுக்கு மெஸ் புரியாது.

ரத்னா கஃபே சாம்பார் பற்றி ஊரே பேசியாயிற்று. 1948இல் திறந்த கடை. இட்லியை வைத்துவிட்டு அதன் மேல் சாம்பாரைக் கணக்குப் பார்க்காமல் கொட்டுவார்கள், இட்லி தலை தெரியாமல் முங்கும். பருப்பு கரைந்து, சின்ன வெங்காயம் முழுசாக, மல்லி வாசனை முன்னால், காரம் பின்னால் வரும் சாம்பார். வேடிக்கை என்னவென்றால் இந்தக் கடையை ஆரம்பித்த குப்தா குடும்பம் வடக்கே மதுராவிலிருந்து வந்தது. தமிழ்நாட்டின் தலைநகரத்தில் சாம்பாருக்கு அளவுகோல் வைத்தது ஒரு வடநாட்டுக் குடும்பத்தின் கடை! தாத்தாவின் "யார் கடை?" என்ற கேள்வியோடு உள்ளே போயிருந்தால் பாதிப் பேர் வாசலிலேயே திரும்பியிருப்பார்கள். முரளி கஃபே மறியல் நடந்ததும் இதே திருவல்லிக்கேணியில், இந்தக் கடை திறந்து பத்து வருஷம்கூட ஆகாத சமயத்தில் என்பதைச் சேர்த்துப் பார்க்கிறேன்.

ஹோட்டல் சாம்பார் வீட்டுச் சாம்பார் மாதிரி ஏன் இருப்பதில்லை என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பருப்போடு பரங்கிக்காயும் தக்காளியும் சேர்த்து வேகவைத்து மசித்துவிடுவார்கள். கொழகொழப்பும் லேசான இனிப்பும் அதிலிருந்து வருவது. இது திருட்டு இல்லை, தொழில். பொட்டுக்கடலையைத் தேங்காய்ச் சட்னியில் சேர்ப்பதும் அப்படித்தான், அளவோடு இருக்கும் வரை. பாதிக்கு மேல் போனால் நாக்கில் மாவு ஒட்டும். ஆப்பசோடா போட்ட இட்லியைக் கண்ணாலேயே சொல்லிவிடலாம், லேசான மஞ்சள் ஓடியிருக்கும். ஜவ்வரிசி போட்டு உப்ப வைத்து ஒரு நடிகையின் பெயரில் விற்ற இட்லி தொண்ணூறுகளில் பெரிய பரபரப்பு. பஞ்சு மாதிரி இருந்தது என்னவோ உண்மை. உளுந்து வாசனை இல்லாத இட்லியை நான் பலகாரமாகத்தான் கணக்கில் எடுப்பேன், இட்லியாக இல்லை.

இட்லிக் கதையில் கோயம்புத்தூருக்கு ஒரு பங்கு உண்டு. 1955இல் சபாபதி என்பவர் அங்கே மின்சார கிரைண்டரை உருவாக்கினார். அதுவரை ஒவ்வொரு ஹோட்டலின் பின்கட்டிலும் ஆட்டுரலுக்கு முன்னால் வேர்த்து ஒழுக ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். கிருஷ்ண ராவ் தொழில் தொடங்கியதே அப்படி ஓர் உரலடியில்தானே. கிரைண்டர் வந்த பிறகு ஒரே கடை ஒரு நாளைக்கு எத்தனை ஈடு வேண்டுமானாலும் ஊற்ற முடிந்தது, காலைப் பலகாரம் ராத்திரிக்கும் வந்தது, சின்ன முதலாளிகள் துணிந்து கடை போட்டார்கள். ருசியில் ஒரு நஷ்டமும் உண்டு. வேகமாகச் சுற்றும் கல்லில் மாவு சூடாகும், சூடான மாவு சீக்கிரம் புளிக்கும். நல்ல மாஸ்டர் ஐஸ் தண்ணீர் விட்டு ஆட்டுவார். விடாத கடையில் சாயங்கால இட்லியை மூக்குக்குக் கொண்டுபோனாலே தெரியும்.

இதுவரை சொன்னதெல்லாம் சைவக் கடைகள். அசைவத்தில் கதை வேறு மாதிரிப் போயிற்று. பாய் கடையில் யாரும் சாதி கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஏ.எம். புகாரி 1951இல் மவுண்ட் ரோடில் திறந்த ஹோட்டல், பிரியாணியையும் சமோசாவையும் ஆபீஸ் போகிறவர்களின் வழக்கமாக்கியது. சிக்கன் 65 எங்கள் அடுக்களையில் 1965இல் பிறந்தது என்று அவர்கள் சொல்லுகிறார்கள், மறுத்துச் சொல்ல ஊரில் நூறு கதை இருக்கிறது, எனக்கு எதிலும் வழக்கில்லை. தெற்கே மதுரைப் பக்கம் இன்னொரு வம்சம். திருமங்கலம் அருகில் வடக்கம்பட்டி என்ற கிராமத்துக்காரர்கள் முப்பதுகளில் காரைக்குடியில் ஆரம்பித்து ஊர் ஊராகப் பரப்பிய முனியாண்டி விலாஸ். எல்லாக் கடைக்கும் குலதெய்வத்தின் பெயர்தான், முதலாளி மட்டும் வேறு வேறு. அன்றைய முதல் பில் காசைச் சாமிக்கு என்று எடுத்து வைப்பார்கள். தை, மாசி மாதங்களில் ஊர் கூடி, கிடாய் வெட்டி, அண்டா அண்டாவாகப் பிரியாணி ஆக்கி, வந்தவர்களுக்கெல்லாம் பிரசாதமாகக் கொடுப்பார்கள். மட்டன் சுக்கா அந்தக் கடைகளில் கருமிளகு காரத்தில் வறண்டு வர வேண்டும். இப்போது சில இடங்களில் சிவப்பாகக் குழம்பில் மிதந்து வருகிறது. பெயர்ப் பலகையில் அதே முனியாண்டிதான்.

சைவக் கடைக்குப் பிராமணச் சமையல்காரர்தான் வேண்டும் என்ற நினைப்பைச் சென்னையில் அடித்து நொறுக்கியவர் ஓர் அண்ணாச்சி. பி. ராஜகோபால், தூத்துக்குடிப் பக்கத்து நாடார். மளிகைக் கடையிலிருந்து வந்து 1981இல் கே.கே. நகரில் சரவண பவனைத் திறந்தார். இதன் அளவு புரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். கமுதி கோயிலுக்குள் 1897இல் நுழைந்ததற்காக நாடார்கள் மேல் வழக்குப் போட்டு, அது லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908இல் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பானது. அதிலிருந்து எண்பது வருஷத்துக்குள், நாடார் முதலாளியின் அடுக்களைப் பொங்கலுக்கு மயிலாப்பூர் மாமாக்கள் குடை பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். பலகையில் 'உயர்தர சைவ உணவகம்' என்று மட்டும் இருந்தது, அது போதுமானதாக இருந்தது. நல்ல எண்ணெய், அன்றைக்கு வந்த காய், இலை நீட்டாக வெட்டி வரும், மினி இட்லி நெய் மினுங்கச் சாம்பாரில் மிதக்கும். எண்பதுகளின் கடைசியில் சென்னையின் நடுத்தர வர்க்கத்துக்குச் சாப்பாட்டுத் தரம் என்றால் இதுதான் என்று அவர் கற்றுக்கொடுத்தார். பொங்கலில் மிளகை உடைக்காமல் முழுசாகப் போட்டது மட்டும் எனக்குக் குறை. ஒதுக்கி ஒதுக்கி இலை ஓரம் கருப்பாகிவிடும்.

பிறகு 2001இல் ஓர் இளைஞரின் கொலை. ராஜகோபால் குற்றவாளி என்று தீர்ப்பானது. 2009இல் உயர்நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது, 2019 மார்ச்சில் உச்சநீதிமன்றம் அதை உறுதி செய்தது, ஜூலையில் அவர் இறந்தார். இத்தனை வருஷமும் கடைகளில் கூட்டம் குறையாமல்தான் இருந்தது. எங்கள் எக்ஸ்சேஞ்சில் இரண்டு பெண்கள் மட்டும் செய்தி வந்த அன்றோடு அங்கே சாப்பிடுவதை நிறுத்தினார்கள். அதில் ஒருத்தி என்னிடம் கேட்டாள், "பொங்கல் நல்லாத்தான் இருக்கு, அதுக்காக?" நான் என் கட்சியை எடுத்துச் சொன்னேன். மாஸ்டர் என்ன பாவம் செய்தார், சர்வர் என்ன செய்தார் என்றேன். "யார் சமைக்கிறான்னு நீ கேக்கக் கூடாதும்பே, சரி. யாருக்குக் காசு போகுதுன்னு நான் கேக்கலாம்ல?" என்றாள். தாத்தாவின் கேள்வியும் இவளுடைய கேள்வியும் காதுக்கு ஒன்று போலக் கேட்டாலும் ஒன்றில்லை. அவர் பிறப்பைக் கேட்டார், இவள் செயலைக் கேட்டாள். என் கட்சியில் இதற்கு இடம் இல்லை என்றால் அது கட்சியின் போதாமைதான். அன்றிலிருந்து சாப்பாட்டை மட்டும் என்று சொல்லும்போது அந்த 'மட்டும்' என் வாயில் கொஞ்சம் தயங்கித்தான் வருகிறது.

இப்போது பலகைகள் திரும்ப வருகின்றன. 2012இல் ஸ்ரீரங்கத்தில் ஒரு கடைப் பலகையில் அதே பழைய சொல் தலைகாட்டி மறுபடி போராட்டம் நடந்தது. அதைத் தவிர்த்தவர்கள் வேறு வழி கண்டுபிடித்துவிட்டார்கள்: திண்ணை, தூண், பித்தளைச் சொம்பு, பஞ்சகச்சம் கட்டிய சர்வர், பெயரில் ஓர் அக்ரஹாரத்து வாடை. இந்தப் பக்கம் ஒவ்வொரு சாதிக்கும் ஒரு மெஸ், ஒரு விலாஸ். யாரையும் உள்ளே விட மாட்டோம் என்று சொல்லவில்லை, சட்டம் பார்த்துக்கொள்ளும். சாதியைக் கைப்பக்குவம் என்று விற்கிறார்கள். அப்படி ஒரு கடையில், பெயர் வேண்டாம், போன மார்கழியில் சாப்பிட்டேன். சுவரில் கருப்பு வெள்ளைத் தாத்தா படம், ஒலிபெருக்கியில் நாதஸ்வரம். வத்தக்குழம்பில் புளி பச்சை வாடை, பருப்புசிலி பொடியாகாமல் கட்டி கட்டியாக, காபி டவரா மட்டும் கனமாக, உள்ளே மூன்று மடக்கு. பில்லில் அந்தத் திண்ணைக்கும் சேர்த்துப் போட்டிருந்தார்கள்.

இன்னொரு மாற்றம் அடுக்களையில் நடந்துகொண்டிருக்கிறது, அதைப் பற்றிப் பலகையில் யாரும் எழுதுவதில்லை. பழைய மாஸ்டர்களின் பிள்ளைகள் கம்ப்யூட்டர் படித்துப் போய்விட்டார்கள். சென்னையில் இன்று உங்கள் தோசையைத் திருப்பிப் போடுகிறவர் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ அஸ்ஸாமிலிருந்தோ வந்தவராக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. "வடக்கத்திப் பசங்க கையில நம்ம ருசி எப்படி வரும்?" என்று எங்கள் அபார்ட்மென்ட்டில் ஒரு சார் அங்கலாய்த்தார். மதுராக்காரர் கடைச் சாம்பாரை வாரம் தவறாமல் தூக்குச்சட்டியில் வாங்கி வருகிறவர் அவர்.

அவரையே கூட்டிக்கொண்டு எங்கள் தெரு முனைக் கடைக்குப் போனேன். கல்லடியில் ஓர் ஒடிசாப் பையன், இருபத்திரண்டு வயதிருக்கும். ரவா தோசை மாவை மோர் பதத்துக்கு நீர்க்கக் கரைத்து வைத்திருந்தான், ஒவ்வொரு முறை அள்ளுமுன்னும் அடிவரை கலக்கிவிட்டான். ரவை அடியில் தங்கிவிடும் என்று யாரோ சரியாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கல் புகைகிற சூட்டில், உயரத்திலிருந்து வீசி ஊற்றினான், நடுவில் ஆரம்பிக்காமல் ஓரத்திலிருந்து உள்ளே வந்தான். வலை வலையாக விழுந்தது. மிளகை ஒன்றிரண்டாகத் தட்டிப் போட்டிருந்தான், முந்திரி கிடையாது, இஞ்சியும் கறிவேப்பிலையும் தாராளம். எண்ணெயை ஓட்டைகளில் மட்டும் விட்டு, திருப்பாமல் அப்படியே வேக விட்டு எடுத்தான். உடைத்தால் சத்தம் கேட்டது. சார் பேசாமல் சாப்பிட்டு முடித்துவிட்டு இன்னொன்று சொன்னார். சட்னியில் பொட்டுக்கடலை ஒரு கை அதிகம். விலை தொண்ணூறு ரூபாய், அது கொஞ்சம் ஜாஸ்திதான்.